'சார்ஜ்' என்று எழுதியிருந்தால் எப்படிப் பொருள் கொள்வது?

போனுக்குச் சார்ஜ் போடுகிறோம், கூரியருக்கு எவ்வளவு சார்ஜ் என்று கேட்கிறோம், புது மேனேஜர் சார்ஜ் எடுத்துக்கொண்டார் என்கிறோம். பேச்சில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. அதே சொல் கிரயப் பத்திரத்திலோ கோர்ட் உத்தரவிலோ வந்தால் மட்டும், ஏதோ கட்டணம் போல என்று தாண்டிப் போய்விடுகிறோம். அங்கேதான் நின்று படிக்க வேண்டும்.

இந்தச் சொல்லின் வேர், வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த லத்தீன் சொல். தமிழிலும் குற்றத்தைச் 'சுமத்து'கிறோம், பொறுப்பை 'ஏற்'கிறோம், பேட்டரிக்கு மின்'னேற்றம்' என்கிறோம். அதனால் எங்கே பார்த்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: எது, யார் மேல் ஏற்றப்படுகிறது?

அடுத்து, பக்கத்தில் நிற்கும் குட்டிச் சொல்லைப் பாருங்கள். 'சார்ஜ் ஃபார்' என்றால் பெரும்பாலும் கட்டணம். 'சார்ஜ்டு வித்' என்பதற்குப் பிறகு திருட்டு, மோசடி என்று வந்தால் குற்றச்சாட்டு, கடமை என்று வந்தால் பொறுப்பு. 'இன் சார்ஜ் ஆஃப்' என்றால் அவர் பொறுப்பாளர். நடுவில் ஒரு 'த' சேர்ந்து 'இன் த சார்ஜ் ஆஃப்' ஆனால் அவரே இன்னொருவரின் பொறுப்பில் இருக்கிறார். ஒரு 'த'வில் ஆள் மாறிவிடுகிறது!

'சார்ஜ் ஆன்' என்று வந்து பக்கத்தில் வீடு, நிலம் இருந்தால் நிதானமாகப் படியுங்கள். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு சொல்வது இதைத்தான்: ஒருவருக்குச் சேர வேண்டிய பணத்துக்கு இன்னொருவரின் அசையாச் சொத்து ஈடாக நிற்கிறது, ஆனால் அது அடமானம் இல்லை. அடமானத்தில் சொத்தில் ஓர் உரிமை கைமாறும், இதில் மாறாது. பணம் வராவிட்டால் கோர்ட் மூலம் அந்தச் சொத்திலிருந்து வசூலிக்கலாம். பத்திரத்தில் இப்படி எழுதினால்தான் என்றில்லை. விற்றவருக்கு முழுப்பணம் போய்ச் சேராமலே சொத்து வாங்கியவர் பேருக்கு மாறியிருந்தால், பாக்கித் தொகைக்காக 55-ஆவது பிரிவின்படி அந்தச் சொத்தின் மேல் சார்ஜ் தானாகவே வந்துவிடும். இது வில்லங்கச் சான்றில் தனி வரியாகத் தெரியாது. ஆகவே மனை வாங்கும்போது வில்லங்கம் போட்டுப் பார்த்ததோடு நிறுத்தாமல், முந்தைய பத்திரங்களில் கிரயத் தொகை முழுவதும் பெற்றுக்கொண்டதாக எழுதியிருக்கிறதா என்றும் வரி வரியாகப் பாருங்கள். சார்ஜ் இருப்பது தெரியாமல் பணம் கொடுத்து வாங்கியவரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாதுதான், ஆனால் பதிவான பத்திரத்தில் இருப்பதைப் படிக்காமல் விட்டுவிட்டு எனக்குத் தெரியாது என்று சொன்னால் எடுபடுவது கஷ்டம்.

சரி, கிரிமினல் வழக்குக்கு வருவோம். இங்கே இரண்டு படிகளை எல்லோரும் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறார்கள். சார்ஜ் ஷீட், அதாவது குற்றப்பத்திரிகை, போலீஸ் விசாரணை முடித்துக் கோர்ட்டில் கொடுப்பது. அதைப் படித்துவிட்டு, இன்னின்ன பிரிவில் இவர் மேல் விசாரணை நடக்கலாம் என்று நீதிபதி முடிவு செய்வதுதான் சார்ஜ் ஃபிரேம் ஆவது, குற்றச்சாட்டு வனைவது. குற்றப்பத்திரிகை தாக்கல் ஆனதாலேயே ஒருவரைக் குற்றவாளி என்று பேசாதீர்கள். இரண்டாம் படியிலும் அவர் குற்றம் சாட்டப்பட்டவர்தான்.

பட்ஜெட் செய்தியில் சில செலவுகள் தொகுப்பு நிதியின் மேல், அதாவது அரசின் வருமானம் சேரும் பொதுக் கணக்கின் மேல், 'சார்ஜ்டு' என்று வரும். உச்ச நீதிமன்ற நீதிபதிகளின் சம்பளம் அப்படிப்பட்டது. நாடாளுமன்றம் விவாதிக்கலாம், ஓட்டுக்கு விட முடியாது.

அப்புறம் 'டிஸ்சார்ஜ்'. ஏற்றியதை இறக்குவது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்புவது, கடனில் அடைத்துத் தீர்ப்பது. கோர்ட்டில் 'டிஸ்சார்ஜ்' என்றால் குற்றச்சாட்டு வனையும் முன்பே ஆதாரம் போதாது என்று விடுவிப்பது. முழு விசாரணை நடந்து விடுதலை ஆவதற்கு 'அக்விட்டல்' என்று தனிச் சொல் இருக்கிறது. டிஸ்சார்ஜ் ஆனவர் மேல் புது ஆதாரம் கிடைத்தால் வழக்கு திரும்பவும் வரலாம். அக்விட்டல் ஆனவரை அதே குற்றத்துக்காக மறுபடி விசாரிக்க முடியாது, மேல்முறையீடு மட்டும்தான் வழி.