எந்த வீரர் மிகையாகப் புகழப்படுகிறார்? முறையாக வாதிடுவதற்கு ஒரு வழிகாட்டி

அட்டன் நகரத்துத் தேநீர்க் கடையிலோ, தோட்டத்து வாசிகசாலையிலோ, பாடசாலைத் தமிழ் மன்றத்தின் மேடையிலோ, "அந்த ஆளைச் சும்மா தூக்கிப் பிடிக்கிறார்கள்" என்று ஒருவர் சொன்ன உடனேயே, கூடியிருப்பவர்கள் அந்த வீரரின் திறமையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் இங்கே வழக்கு வீரர் மீது தொடுக்கப்படவில்லை. அவரைப் பற்றி ஊரார் சொல்லும் புகழ்ச்சியின் மீதே தொடுக்கப்படுகிறது. எனவே அந்தப் புகழ்ச்சி இன்னதென்று ஒரே வாக்கியத்தில் எழுதி, அதை இரு தரப்பும் ஒப்புக்கொண்ட பிறகே வாதத்தைத் தொடங்க வேண்டும்.

இலங்கைக் கிரிக்கெட் வீரர் மஹேல ஜயவர்தனவை எடுத்துக்கொள்வோம். "மஹேல சிறந்த துடுப்பாட்ட வீரர்" என்பதை எவரும் மறுக்கப்போவதில்லை. அதைத் தலைப்பாக வைத்தால் மாலைப்பொழுது வீணாகும். "மஹேல எந்த நாட்டு ஆடுகளத்திலும் ஒன்றுபோல் ஆடக்கூடியவர்" என்று எழுதினால் அது சோதித்துப் பார்க்கத்தக்க கூற்றாகிவிடுகிறது. டெஸ்ட் போட்டிகளில் அவர் பெற்ற 11,814 ஓட்டங்களில் 2,921 ஓட்டங்கள் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானம் ஒன்றிலேயே வந்தவை என்பது வழக்குத் தொடுப்பவரின் கையிலுள்ள பலமான சான்று. 2006இல் இங்கிலாந்தின் லோர்ட்ஸில் பொலோ ஒன் நிலையில் (முதல் இன்னிங்ஸில் மிகவும் பின்தங்கியதால் உடனேயே மீண்டும் துடுப்பெடுத்தாட வேண்டிய நிலையில்) ஆடி ஆட்டத்தைக் காப்பாற்றியபோது அவர் பெற்ற 119 ஓட்டங்களும், 2009இல் அகமதாபாத்தில் பெற்ற 275 ஓட்டங்களும் எதிர்த்தரப்பின் விடைகள். என் கணிப்பில் அந்தக் கூற்று தோற்கும்; ஆனால் மஹேல தோற்கமாட்டார்.

முரளிதரன் விடயம் நம் பக்கத்தில் இவ்வளவு எளிதல்ல. தேயிலைத் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரன், கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் படித்தவர், 133 டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் என்பதால், அவரைக் குறைத்துப் பேசுபவர் நம் வீட்டாரையே குறைத்துப் பேசுவதாகப் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். வேறு சிலருக்கு அவருடைய அரசியல் பேச்சுகள் மீது கோபம் உண்டு. அதற்கு வேறு மேடை இருக்கிறது. அவருடைய பந்துவீச்சுப் பாணியைப் பற்றிய சர்ச்சையையும் ஒதுக்கிவையுங்கள். 1995இல் மெல்பேர்னில் நடுவர் டெரல் ஹெயார் 'நோ போல்' கொடுத்ததில் தொடங்கி, முழங்கை 15 பாகை வரை நிமிரலாம் என்ற விதி வந்தது வரையிலான கதை, பந்து சட்டப்படி வீசப்பட்டதா என்பதைப் பற்றியது. புகழ் மிகையா என்பதைப் பற்றியதல்ல.

முறையான குற்றச்சாட்டு வேறொன்று. 800இல் 176 விக்கெட்டுகள் அக்காலத்தில் பலம் குறைந்திருந்த பங்களாதேஷ், சிம்பாப்வே ஆகிய அணிகளுக்கு எதிராக வந்தவை. அவரோடு ஒப்பிடப்படும் அவுஸ்திரேலியச் சுழற்பந்து வீச்சாளர் ஷேன் வோர்னின் 708இலோ அந்த வகையில் வந்தவை 17 மட்டுமே. தேயிலைக் கொழுந்து நிறுக்கும்போது ஈரத்துக்கென்று சில கிலோவைக் கழிப்பதுபோல் இதையும் கழிக்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் கூடையில் மட்டும் கழித்துவிட்டு மற்றவர் கூடையை அப்படியே நிறுத்தால் அது நியாயமாகாது. இருவருக்கும் கழித்துப் பாருங்கள். முரளிக்கு 108 போட்டிகளில் 624 விக்கெட்டுகளும், வோர்னுக்கு 142 போட்டிகளில் 691 விக்கெட்டுகளும் மீதமாகின்றன. அதாவது போட்டிக்கு முரளி ஆறுக்குச் சற்றுக் குறைவாகவும், வோர்ன் ஐந்துக்குச் சற்றுக் குறைவாகவும் வீழ்த்தியிருக்கிறார்கள். அக்காலத்தின் வலிமையான துடுப்பாட்ட வரிசையான அவுஸ்திரேலியாவுக்கு எதிராக வோர்ன் பந்து வீச வேண்டியிருக்கவில்லை என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளலாம்.

முரளியின் தரப்பில் பேசுபவர் இந்த இடத்தில் வெற்றிக் களிப்பில் மிதக்காமல், அடுத்த அடியை எதிர்பார்த்திருக்க வேண்டும். அவுஸ்திரேலிய மண்ணில் முரளி 5 போட்டிகளில் 12 விக்கெட்டுகளையே, விக்கெட் ஒன்றுக்கு 75 ஓட்டங்களுக்கும் மேல் கொடுத்த சராசரியில், வீழ்த்தினார் (பந்துவீச்சில் சராசரி குறைவாக இருப்பதே நல்லது). இந்த எண்ணை மறைக்கப் பார்ப்பவர் அது வெளிவரும்போது முழு வாதத்தையும் இழப்பார். தாமே முதலில் சொல்லிவிட்டு, இந்தியாவில் இருவருமே 40க்கு மேற்பட்ட சராசரியில் திணறியதை அடுத்துச் சொல்பவர் நிலைத்து நிற்பார்.

எண்களைக் கையாளும்போது, ஒரு வீரருக்குள் இரண்டு வீரர்கள் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வையுங்கள். மாத்தளையில் பிறந்த குமார் சங்கக்காரவின் டெஸ்ட் சராசரி 57.40. விக்கெட் காப்பாளராக ஆடிய 48 போட்டிகளில் அது 40.48, வெறும் துடுப்பாட்ட வீரராக ஆடிய 86 போட்டிகளில் 66.78. எந்தச் சங்கக்காரவைப் பற்றிப் பேசுகிறோம் என்று முடிவு செய்யாத வாதம் விடியும்வரை ஓடும். தோனியின் ஒருநாள் சராசரியான 50.57ஐத் தாக்குபவர், 297 இன்னிங்ஸில் அவர் 84 முறை ஆட்டமிழக்காமல் இருந்ததைக் காட்டுவார்; ஓட்டங்களை ஆட்டமிழந்த தடவைகளால் மட்டுமே வகுப்பதால் அது சராசரியை உயர்த்துகிறது. அது செல்லுபடியாகும் வாதமே. எனினும் சென்னை அணியின் மஞ்சள் சட்டை அணிந்தவர்கள் நிறைந்த கடையில் அதை எடுப்பதற்கு முன், அவர் ஐந்தாம் ஆறாம் இடங்களில் இறங்கி எத்தகைய வேளைகளில் ஆடினார் என்ற கேள்விக்கு விடை வைத்திருங்கள்.

உதைபந்தாட்டத்தில் விலையைச் சான்றாக்க வேண்டாம். 2017இல் பிரேசில் வீரர் நெய்மாருக்காகக் கொடுக்கப்பட்ட 222 மில்லியன் யூரோ, அவருடைய ஒப்பந்தத்தில் முன்பே எழுதப்பட்டிருந்த தொகை. அவர் ஆட்டத்துக்கு எவரும் இட்ட மதிப்பெண் அல்ல.

எதிரில் இருப்பவர் வயதில் மூத்தவரென்றால், "மாமா சொல்லும் ஆட்டம் எந்த வருடத்தில் நடந்தது?" என்று கேட்பது "அது பிழை" என்று வெட்டுவதைவிடப் பயன் தரும், பல வேளைகளில் வருடத்தைத் தேடும்போதே கூற்று தானாகத் தளர்ந்துவிடும். "நீ என்றைக்காவது மட்டையைப் பிடித்திருக்கிறாயா?" என்ற கேள்விக்கு விடையளிக்கத் தேவையில்லை, ஏனெனில் புகழ்பவரும் பிடித்ததில்லை.

முதன்முறையாக இத்தகைய விவாதத்தை நடத்தும் மன்றங்களுக்கு, முரளியைவிட 1996 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன் விருது பொருத்தமான தலைப்பு. சனத் ஜயசூரிய 221 ஓட்டங்களும் 7 விக்கெட்டுகளும் பெற்று அதை வென்றார். அரவிந்த டி சில்வா 448 ஓட்டங்கள் பெற்றதோடு, அரையிறுதியில் 66 ஓட்டங்களும், லாகூர் இறுதியாட்டத்தில் ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்களும் 3 விக்கெட்டுகளும் பெற்றார். சனத்தின் தரப்பினர் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக 44 பந்துகளில் அவர் அடித்த 82 ஓட்டங்களையும், முதல் பதினைந்து ஓவர்களை ஆடும் முறையையே அவர் மாற்றியதையும் முன்வைக்கலாம். இருவரும் நம் அணியினர் என்பதால் எவருக்கும் இரத்தம் கொதிக்காது. தரப்புக்குப் பத்து நிமிடம் போதும்.