ட்ராவ் நதியோரம் 4 நாள் சைக்கிள் பயணம்: முதல் முறை போகிறவர்களுக்கு

ஆல்ப்ஸில் சைக்கிள் என்றதும் மூச்சு வாங்கும் ஏற்றங்கள்தான் நினைவுக்கு வரும். ஆற்றை ஒட்டி, அது ஓடும் திசையிலேயே போனால் அந்தக் கவலை பெரும்பாலும் இல்லை. நான் சிபாரிசு செய்வது ட்ராவ் நதிப் பாதை. இத்தாலியின் தென் டிரோலில் உள்ள டோப்லாக்கில் ஆரம்பித்து, எல்லை தாண்டி, ஆஸ்திரியாவின் ஃபில்லாக் வரை சுமார் 150 கிலோமீட்டர். இதைவிட அழகான பாதைகள் இருக்கலாம். ஆனால் இங்கே வழியெல்லாம் ரயிலும் கூடவே வருகிறது. முட்டி வலித்தாலும் மழை பிடித்துக்கொண்டாலும் பக்கத்து ஸ்டேஷனில் ஏறிவிடலாம். புதியவர்களுக்கு அதுதான் பெரிய தைரியம்.

1. நாள் குறிப்பது

ஜூன், அல்லது செப்டம்பர் முதல் பாதி. ஜூலை, ஆகஸ்டில் மதியத்துக்கு மேல் இடிமழை சகஜம். ஆகஸ்ட் நடுவில் இத்தாலியர்களின் விடுமுறைக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். இந்திய பாஸ்போர்ட் என்றால் ஷெங்கன் விசா வேண்டும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், இந்தத் திட்டப்படி பெரும்பாலும் ஆஸ்திரியா.

2. சைக்கிள் எடுப்பது

டோப்லாக்கிலும் பக்கத்து ஊர் இன்னிகெனிலும் வாடகைக் கடைகள் உண்டு. ஃபில்லாக்கில் திருப்பிக் கொடுக்க முடியுமா என்று முன்பதிவின்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கியர் வைத்த ட்ரெக்கிங் சைக்கிள் போதும். பேட்டரி சைக்கிள் அவசியமில்லை.

கடையை விட்டுக் கிளம்பும் முன் பிரேக்கைப் பாருங்கள். நம் ஊரில் வலது கைப்பிடி முன் சக்கரத்துக்கு. அங்கே பொதுவாக இடதுதான் முன் சக்கரம். இறக்கத்தில் பதற்றத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தால் முன் சக்கரம் சட்டென்று நின்று ஆளைத் தூக்கிப் போடும். கடை வாசலிலேயே மெதுவாக உருட்டி, ஒவ்வொரு கையாக அழுத்திப் பழகுங்கள். வண்டிகள் வலது பக்கமாக ஓடும் ஊர் என்பதும் மனதில் இருக்கட்டும்.

அப்புறம் சீட் உயரம். குதிகாலை பெடலில் வைத்து, பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். அதற்கும் தாழ்வாக வைத்தால் இரண்டாம் நாளே முட்டி சொல்லிவிடும்.

3. மூட்டை

பின் கேரியரின் இரு பக்கமும் மாட்டும் பைகளில் வையுங்கள், முதுகில் சுமக்காதீர்கள். இரண்டு செட் துணி, மழைக்கோட்டு, பேட் வைத்த ஷார்ட்ஸ் (உள்ளே ஜட்டி போடாமல் அணிவது), மாற்று ட்யூப், பம்ப். பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

4. வழி

முதல் நாள் டோப்லாக்கிலிருந்து லியென்ட்ஸ், சுமார் 45 கிலோமீட்டர். டோப்லாக்கின் தெற்கே மலைகளிலிருந்து வரும் ரியென்ஸ் ஆறு மேற்கே திரும்பி ஏட்ரியாட்டிக் கடலுக்குப் போகிறது. சற்றுத் தள்ளிப் பிறக்கும் ட்ராவோ கிழக்கே ஓடி, டான்யூப் வழியாகக் கருங்கடலைச் சேர்கிறது. அந்த நீர்ப்பிரிவு ஒரு சமவெளிப் புல்வெளி. பார்த்தால் மேடு என்றே தெரியாது. ஆரம்பத்தில் ட்ராவ் வாய்க்கால் அளவுதான். சில்லியான் ஆஸ்திரியாவின் முதல் ஊர். அதற்கப்புறம் பள்ளத்தாக்கு குறுகி ஆறு, ரோடு, தண்டவாளம், சைக்கிள் பாதை எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கும். மொத்தம் 500 மீட்டருக்கு மேல் இறக்கம். குழந்தைகளோடு வரும் குடும்பங்கள் நிறைய, அதனால் வேகம் வேண்டாம். முந்தும்போது மணி அடியுங்கள்.

லியென்ட்ஸில் வந்து சேரும் இசெல் ஆறு ட்ராவைவிடப் பெரியது. ஆனால் பெயர் என்னவோ ட்ராவுக்குத்தான் நிலைத்தது. கோடையில் பனியாறு உருகி வரும் அந்தத் தண்ணீரின் சாம்பல் கலந்த பச்சையைப் பாலத்தில் நின்று பாருங்கள்.

இரண்டாம் நாள் ஓபர்ட்ராவ்புர்க் வழியாக கிரைஃபென்புர்க். மூன்றாம் நாள் ஸ்பிட்டால். மறுமலர்ச்சிக் காலத்து போர்சியா மாளிகை ஊர் நடுவிலேயே இருக்கிறது. நான்காம் நாள் ஃபில்லாக். ஒவ்வொன்றும் 35, 40 கிலோமீட்டர் போலத்தான் வரும். பச்சைப் பலகைகளில் ஆர்1 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு போனால் போதும்.

பாதை இங்கே கிட்டத்தட்ட சமதளம். ஆனால் மதியம் ஒரு எதிரி வருவான்: காற்று. வெயில் ஏறியதும் ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் காற்று மேல்நோக்கி வீசும், நாம் போவதோ கீழ்நோக்கி. காலை எட்டு மணிக்கே கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்குள் முக்கால்வாசி தூரத்தை முடித்துவிடுங்கள்.

5. சாப்பாடு

சைவக்காரர்கள் பயப்பட வேண்டாம். கேரிந்தியா மாநிலத்துக்குள் வந்ததும் காஸ்நூடெல்ன் கேளுங்கள்: தயிர்க்கட்டியும் புதினாவும் உள்ளே வைத்து, ஓரத்தை நம் சோமாசி போல மடித்து வேகவைத்தது. மேலே உருக்கிய வெண்ணெய். சில இடங்களில் பன்றிக்கொழுப்பைத் தூவுவார்கள், முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல உணவகங்களில் மதியம் இரண்டு மணிக்கு அடுப்பை அணைத்தால் மாலைதான் மறுபடி. ஞாயிற்றுக்கிழமை மளிகைக் கடைகளும் மூடியிருக்கும். சனிக்கிழமையே ரொட்டி, பழம் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

6. திரும்புவது

ஃபில்லாக் பெரிய ஜங்ஷன். சால்ஸ்பர்க், வியன்னா, வெனிஸ் எங்கும் ரயில் உண்டு. சைக்கிளும் கூட வருகிறது என்றால் எக்ஸ்பிரஸ் ரயிலில் அதற்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும். கோடையில் இந்த இடங்கள் சீக்கிரம் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் உள்ளூர் ரயில்களில் மாறி மாறிப் போகலாம், சைக்கிளுக்கு ஒரு டிக்கெட் வாங்கினால் சரி.