மைல்ட், மாடரேட், சப்ஸ்டான்ஷியல்: காகிதங்களில் வரும் அளவுச் சொற்களை எப்படிப் படிப்பது

மருத்துவ அறிக்கை, காப்பீட்டுப் படிவம், வேலை ஒப்பந்தம், வானிலை எச்சரிக்கை என்று எதைக் கையில் எடுத்தாலும் எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சொல் உட்கார்ந்திருக்கும்: சிக்னிஃபிகன்ட், மாடரேட், ரீசனபிள், லைக்லி. பள்ளியில் படித்த ஆங்கிலத்தை வைத்து இவற்றுக்குப் பொருள் கொண்டால் சில இடங்களில் வீணாகப் பயப்படுவீர்கள். சில இடங்களில் கிடைக்க வேண்டிய உரிமையை நீங்களே விட்டுக்கொடுப்பீர்கள். ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஓர் ஏணி வைத்திருக்கிறது. அதில் அந்தச் சொல் எத்தனையாவது படி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வானிலையில் இது பளிச்சென்று தெரியும். அமெரிக்காவின் புயல் முன்கணிப்பு மையம் கடும் இடிமழை அபாயத்தை ஐந்து படிகளாகச் சொல்கிறது: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. மாடரேட் என்றால் நடுத்தரம்தானே என்று தோன்றும். இங்கே அது ஐந்தில் நான்காவது. உங்கள் பகுதிக்கு அப்படி அறிவித்தால் அன்று எங்கே ஒதுங்குவது என்பதைக் காலையிலேயே முடிவு செய்துவிடுங்கள். பனிச்சரிவு எச்சரிக்கையில் இதே மாடரேட் ஐந்தில் இரண்டாவதுதான். அதற்கு அடுத்த படி கன்சிடரபிள். நடுப்படிதானே என்று மலையேறுகிறவர்கள் மாட்டிக்கொள்வது இதில்தான். அந்த நிலையில் ஒரு மனிதரின் எடையே சரிவைக் கிளப்பிவிட வாய்ப்பு அதிகம்.

மருத்துவத்தில் குழப்பம் இன்னும் கூடுதல். அக்யூட் என்பது கடுமையைக் குறிக்கவில்லை, காலத்தைக் குறிக்கிறது: திடீரென்று தொடங்கியது, குறுகிய காலத்தது. அக்யூட் ப்ராங்கைட்டிஸ் (மூச்சுக்குழாய் அழற்சி) பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே அடங்கிவிடும். க்ரானிக் என்றால் நீண்ட நாளாக இருப்பது. க்ரானிக் கிட்னி டிசீஸ் என்று எழுதியிருந்தால் சிறுநீரகம் செயலிழந்துவிட்டது என்று அர்த்தமில்லை. குறைபாடு மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கிறது என்று அர்த்தம். அது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தனிக் கேள்வி, அதைக் கட்டாயம் கேளுங்கள். ஸ்கேன் அறிக்கையில் அன்ரிமார்க்கபிள் என்று வந்தால் நிம்மதியாக இருக்கலாம்: குறிப்பிடும்படி எதுவும் தென்படவில்லை.

சிவியரும் சீரியஸும் ஒன்றல்ல. மருந்துப் பாதுகாப்பில் சிவியர் என்பது எவ்வளவு கடுமையாக இருந்தது என்பது. சீரியஸ் என்பது விளைவு என்ன என்பது. உயிருக்கு ஆபத்து, மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை, நிரந்தர ஊனம் போன்றவை நேர்ந்தால்தான் சீரியஸ். தாங்க முடியாத தலைவலி சிவியராக இருந்தும் சீரியஸ் இல்லாமல் போகலாம். பக்கவிளைவு பற்றிய படிவத்தில் இரண்டு கட்டங்களும் தனித்தனியே இருப்பது இதனால்தான்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரிட்டனிலும் மருந்துப் பெட்டிக்குள் வரும் தாளில் பக்கவிளைவுகள் வரிசைப்படி இருக்கும். வெரி காமன் என்றால் 10 பேரில் ஒருவருக்கோ அதற்கு மேலோ. காமன் என்றால் 100 பேரில் ஒருவரிலிருந்து 10 பேர் வரை. அன்காமன் 1,000 பேரில் ஒருவரிலிருந்து 10 பேர் வரை. ரேர் 10,000 பேரில் ஒருவரிலிருந்து 10 பேர் வரை. வெரி ரேர் அதற்கும் கீழே. காமன் என்ற தலைப்பின் கீழ் வாந்தி என்று பார்த்ததும் எல்லோருக்கும் வரும் போலிருக்கிறது என்று மருந்தை நிறுத்திவிடுகிறார்கள். உண்மையில் 100 பேரில் குறைந்தது 90 பேருக்கு அது வருவதில்லை. நிறுத்துவதற்கு முன் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நீங்கள் சொல்ல வேண்டிய இடத்தில் சிக்கல் தலைகீழாகிறது. வலி எப்படி இருக்கிறது என்று செவிலியர் கேட்டால் மரியாதைக்காக “கொஞ்சம்தான்” என்று சொல்லிப் பழகிய நாக்கு மைல்ட் என்று சொல்லிவிடும். வரிசையில் பின்னுக்குப் போய்விடுவீர்கள். எண்ணும் செயலும் சேர்த்துச் சொல்லுங்கள்: “பத்துக்கு ஏழு, ராத்திரி தூங்க முடியவில்லை, படியேற முடியவில்லை.” புற்றுநோய்ச் சிகிச்சையில் பக்கவிளைவுகளைத் தரம் பிரிப்பதிலும் அன்றாடச் செயல்களுக்குப் பெரிய இடம் உண்டு. சமைக்கவோ கடைக்குப் போகவோ சிரமம் என்றால் பெரும்பாலும் மாடரேட். குளிக்க, உடுத்த, சாப்பிடவே முடியவில்லை என்றால் சிவியர்.

சட்டத்தில் பலர் தோற்பது சப்ஸ்டான்ஷியல் என்ற ஒரே சொல்லில். இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்தில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டப்படி ஊனமுற்றவர் என்ற பாதுகாப்பு கிடைக்க, உடல் அல்லது மனக் குறை அன்றாட வேலைகளில் சப்ஸ்டான்ஷியலான, நீண்டகாலப் பாதிப்பை ஏற்படுத்த வேண்டும். பெரும் பாதிப்பு போலிருக்கிறது, நமக்கு அவ்வளவு இல்லை என்று நினைத்துப் படிவத்தில் ‘நோ’ போட்டுவிடுகிறார்கள். ஆனால் சட்டமே தரும் விளக்கம் ‘அற்பமானதற்கு மேல்’ என்பதுதான். படி அவ்வளவு தாழ்வானது. நீண்டகாலம் என்றால் 12 மாதம் நீடித்தது, அல்லது நீடிக்க வாய்ப்புள்ளது. மாத்திரை போடுவதால் சமாளிக்கிறீர்கள் என்றால், மாத்திரை இல்லாவிட்டால் எப்படி இருக்கும் என்பதையே கணக்கில் எடுப்பார்கள். கண்ணாடி, லென்ஸ் இதற்கு விதிவிலக்கு. தகுதி உண்டென்றால் வேலையிடத்தில் ரீசனபிள் அட்ஜஸ்ட்மென்ட் கேட்கலாம்: நாற்காலி மாற்றம், வேலை நேர மாற்றம் போன்றவை. இந்த ரீசனபிளுக்கு எண் கிடையாது. செலவு, நடைமுறை, அதனால் உண்மையில் பயன் உண்டா என்பதையெல்லாம் பார்த்துத்தான் முடிவாகும். ஆகவே என்ன வேண்டும், அது எப்படி உதவும் என்று நீங்கள்தான் தெளிவாக எழுத வேண்டும்.

இதே சட்டத்தில் வரும் லைக்லி என்ற சொல்லுக்கு ‘நடக்கக்கூடும்’ என்ற அளவே போதும் என்பது வழிகாட்டி. ஐ.நா.வின் பருவநிலை அறிவியல் குழுவான ஐபிசிசியின் அறிக்கைகளில் லைக்லி என்றால் 66 சதவீதமும் அதற்கு மேலும். வெரி லைக்லி 90க்கு மேல். சிவில் வழக்கை நிரூபிக்கவோ பாதிக்கு மேல் சாத்தியம் இருந்தால் போதும். ஒரு துறையில் பழகிய லைக்லியை இன்னொரு துறைக்கு எடுத்துப் போகாதீர்கள்.

சிக்னிஃபிகன்ட் பற்றிச் சுருக்கமாக: ஆய்வுச் செய்தியில் அது வந்தால், தற்செயலாக இப்படி ஒரு வேறுபாடு வருவது அரிது என்று பொருள், வழக்கமான எல்லை 5 சதவீதம். வேறுபாடு பெரியது என்று பொருள் இல்லை. ஆயிரக்கணக்கானோரைச் சேர்த்த ஆய்வில் ரத்த அழுத்தம் ஒரே ஒரு புள்ளி குறைந்தாலும் சிக்னிஃபிகன்ட் ஆகிவிடும். எவ்வளவு குறைந்தது என்று கேளுங்கள்.

காப்பீட்டில் மெட்டீரியல் என்ற சொல்லையும் பெரியது என்று படித்துவிடுகிறார்கள். காப்பீட்டாளர் உங்களை ஏற்பதா, என்ன பிரீமியம் போடுவது என்ற முடிவைப் பாதிக்கும் எதுவும் மெட்டீரியல்தான். காரை இரவில் நிறுத்தும் இடம் மாறியது உங்களுக்குச் சின்ன விஷயம். அவர்களுக்கு அப்படி இருக்க வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டால் இழப்பீடு குறையலாம், மறுக்கப்படவும் செய்யலாம். வேலை ஒப்பந்தத்தில் கிராஸ் மிஸ்கான்டக்ட் (கடும் ஒழுங்கீனம்) என்ற பகுதியைக் கையெழுத்துப் போடும் முன்பே படித்துவிடுங்கள்; பிரிட்டனில் அதன் பேரில் நோட்டீஸ் காலம் இல்லாமலே வேலையை விட்டு நீக்க முடியும்.

பேச்சு வழக்கில் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறோம். “குவைட் குட்” என்று அமெரிக்க மேலாளர் சொன்னால் பாராட்டு. பிரிட்டிஷ் மேலாளர் சொன்னால் பெரும்பாலும் ‘பரவாயில்லை’தான். “குவைட் இம்பாசிபிள்” என்றால் இருவருக்குமே அறவே முடியாது.

எந்தக் காகிதமானாலும் அளவுச் சொல்லின் கீழ் கோடு போடுங்கள். முதல் பக்கங்களிலோ கடைசியிலோ டெஃபினிஷன்ஸ் என்ற பகுதி இருக்கிறதா பாருங்கள். முதலெழுத்து பெரிதாக அச்சான சொல்லுக்கு அங்கே விளக்கம் இருக்கும் வாய்ப்பு அதிகம். இல்லாவிட்டால் நேராகக் கேளுங்கள்: “வாட் டஸ் தட் மீன் இன் நம்பர்ஸ்?”, “வாட் இஸ் த நெக்ஸ்ட் லெவல் அப்?” இரண்டாவது கேள்வி இன்னும் உதவும், எண் தர முடியாதவர்கள்கூட மேலே என்ன படி இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். தொலைபேசியில் பதில் கிடைத்தால் அன்றைக்கே அதை இரண்டு வரி மின்னஞ்சலாக எழுதி, புரிந்துகொண்டது சரிதானா என்று கேட்டு அனுப்பிவிடுங்கள். பிறகு தகராறு என்று வந்தால் காட்டுவதற்கு எழுத்தில் ஒன்று இருக்கும்.