ஃபெசன்ட் குஞ்சுகளைக் காட்டில் பழக்கும் பட்டி: வேலி, புனல், முதல் மூன்று வாரம்

பிரிட்டனில் ஃபெசன்ட் என்னும் கோழியினப் பறவையின் வேட்டைப் பருவம் அக்டோபர் 1 முதல் பிப்ரவரி 1 வரை. அதற்காக வளர்த்த குஞ்சுகளை ஜூலை, ஆகஸ்டில், ஆறிலிருந்து எட்டு வார வயதில், காட்டுக்குள் கம்பிவலை அடித்த பெரிய பட்டியில் இறக்குகிறார்கள். பட்டிக்குக் கூரை கிடையாது. பறக்கப் பழகியதும் குஞ்சு வேலி தாண்டி வெளியே மேயப் போகும்; பொழுது சாயும்போது தானே உள்ளே வந்து அடைய வேண்டும். பகலில் எத்தனை வெளியே போயின என்று கவலைப்பட வேண்டாம். சாயங்காலம் எத்தனை திரும்பின என்பதுதான் கேம்கீப்பரின், அதாவது வேட்டைப் பறவைகளைப் பராமரிப்பவரின் கணக்கு.

இடம் தேடும்போதே சட்டத்தையும் பாருங்கள். வளர்க்கும் பறவைகளை அரசிடம் பதிவு செய்வது கட்டாயம். இங்கிலாந்தில் குறிப்பிட்ட சில பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதிகளிலும் அவற்றைச் சுற்றி 500 மீட்டருக்குள்ளும் ஃபெசன்ட் விட, 2021 முதல் உரிம விதிகள் உண்டு. பறவைக் காய்ச்சல் கட்டுப்பாட்டு வளையத்துக்குள் உங்கள் காடு வந்துவிட்டால், குஞ்சு தயாராக இருந்தாலும் விட முடியாது.

பட்டியில் ஹெக்டேருக்கு 1,000 பறவைக்கு மேல் வேண்டாம் என்பது வேட்டைப் பறவைகளையும் காட்டுயிர்களையும் ஆராயும் பிரிட்டிஷ் அமைப்பான கேம் அண்ட் வைல்ட்லைஃப் கன்சர்வேஷன் டிரஸ்டின் பரிந்துரை. தொன்மையான இயற்கைக் காடாக இருந்தால் 700. ஆக, 500 குஞ்சுக்கு அரை ஹெக்டேர், நம் கணக்கில் ஒன்றேகால் ஏக்கர். வேலி நீளம் சுமார் 250 முதல் 280 மீட்டர். வலைச் செலவைக் குறைக்க இதில் கை வைக்காதீர்கள். நெருக்கினால் எச்சம் மண்ணில் ஏறும், தரைச்செடிகள் அழியும், நோய் தங்கும். மண் மொட்டையாகிவிட்ட பட்டி, குஞ்சுக்கு ஒளிய இடமில்லாத பட்டி.

உள்ளே மூன்று விதமான இடம் தேவை: அடைய மரம், ஒளியப் புதர், இறகு காய வெயில். மழையில் நனைந்த குஞ்சு காலையில் சீக்கிரம் காயாவிட்டால் குளிரிலேயே செத்துவிடும். அதனால் கிழக்கு வெயில் விழும் திறப்பு அவசியம். மரம் உயரமாக இருந்தால் மட்டும் போதாது. புதுக் குஞ்சால் ஏற முடிந்த, இடுப்பளவு முதல் ஆளுயரம் வரையிலான கிளைகள் வேண்டும். இல்லையென்றால் மரங்களை வெட்டிச் சாய்த்து வையுங்கள்.

வேலி இரண்டு மீட்டர் உயரம். அடிப்பாகத்துக்குச் சிறு கண் வலை. அடி ஓரத்தை 30 செ.மீ. வெளிப்பக்கமாக மடக்கித் தரையில் முளையடியுங்கள். நரி வேலியின் காலடியில்தான் தோண்டும், தோண்டும் இடத்தில் வலை தட்டுப்பட வேண்டும். மேல் ஓரத்தை முறுக்காமல் தொய்வாக வெளியே சாயவிட்டால், ஏறும் நரிக்குப் பிடி கிடைக்காது. வலையிலிருந்து அரை மீட்டர் தள்ளி, சுமார் 15, 30 செ.மீ. உயரத்தில் இரண்டு மின்கம்பி. புல் கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணுக்குப் போய்விடும். ஆகவே புல்லை வாராவாரம் வெட்டுங்கள். வேலியில் கூர்மூலை கூடவே கூடாது. மிரண்ட குஞ்சுகள் மூலைக்கு ஓடி ஒன்றன்மேல் ஒன்று ஏறி மூச்சுமுட்டிச் சாகும். வளைத்தே அடியுங்கள்.

இனி புனல், அதாவது திரும்பும் பறவை உள்ளே நுழையும் குவிந்த வலைவழி. இதில்தான் பெரும்பாலான பட்டிகள் தோற்கின்றன. வெளியே போன குஞ்சு திரும்பி வரும்போது வேலிக்கு மேலே பறக்காது. வலையோரமாக நடந்துகொண்டே இருக்கும். வழி கிடைக்காவிட்டால் அங்கேயே இருட்டிவிடும், நரி வந்துவிடும். எனவே சுமார் 50 மீட்டருக்கு ஒன்றாகத் தரைமட்டத்தில் வலைப்புனல் வையுங்கள்: வெளிவாய் அகலம், உள்வாய் ஒரு பறவை நுழையுமளவு. வாயின் இருபக்கமும் வலையால் கைபோல நீட்டிவிட்டால், ஓரம் நடக்கும் பறவையைத் தடுத்து உள்ளே திருப்பும். வெளிவாயில் 9 செ.மீ. இடைவெளியில் நெட்டுக் கம்பிகள்: பறவை நுழையும், நரி நுழையாது. குஞ்சுகள் வழக்கமாக அலையும் பக்கத்தில், பெரும்பாலும் மேட்டுப்பக்கமும் வெயில்பக்கமும், புனலை நெருக்கி வையுங்கள்.

இறக்கும்போது ஒரு பக்க இறக்கையின் நீண்ட இறகுகளை மட்டும் நறுக்குவார்கள். இரண்டு பக்கமும் நறுக்கினால் சமநிலை கெடாது, தத்திப் பறந்துவிடும். அதிகம் நறுக்கினால் கிளைக்கும் ஏற முடியாது. சில வாரத்தில் புது இறகு முளைக்கும். அதற்குள் குஞ்சு இடத்தைப் பழகிவிடும்.

மழை இல்லாத இரண்டு மூன்று நாளாகப் பார்த்து, காலையில் இறக்குங்கள். பெட்டிகளைத் தீவனத்துக்கும் தண்ணீருக்கும் பக்கத்தில் நிழலில் வைத்து, திறந்துவிட்டு விலகிவிடுங்கள். வளர்ப்பிடத்தில் தின்ற அதே குச்சித் தீவனம்தான் இங்கும். இடமாற்றமும் தீவன மாற்றமும் ஒன்றாகச் சேரக் கூடாது. கோதுமையைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஏற்றுங்கள். காலையும் மாலையும் ஒரே நேரத்தில், ஒரே விசில் ஊதி, வைக்கோல் பரப்பிய பாதையில் தூவுங்கள். தூவும் நேரமே பறவையைப் பார்க்கும் நேரம். மாலையில் பழகிய நாயுடன் எல்லையோரம் மெதுவாக நடந்து, வழிதவறியவற்றைப் பட்டிப்பக்கம் திருப்பிவிடுங்கள். விரட்டினால் எதிர்த்திசையில் பறந்துவிடும்.

பருந்து, ஆந்தை எல்லாம் சட்டப் பாதுகாப்பில் உள்ளவை, தொடக் கூடாது. அவற்றுக்கு மறுமொழி புதர்தான்: முள்செடியும் வெட்டிய கிளைக்குவியலும் பட்டியெங்கும் பரவியிருக்கட்டும்.

கழுத்தை நீட்டி வாயைப் பிளந்து மூச்சுக்குத் திணறும் பறவை தென்பட்டால் மூச்சுக்குழல் புழுவைச் சந்தேகியுங்கள். அதன் முட்டை மண்ணிலும் இளம்புழு மண்புழுவிலும் தங்குவதால், ஆண்டுதோறும் அதே இடத்தில் பட்டி போட்டால் தொற்று ஏறிக்கொண்டே போகும். கால்நடை மருத்துவர் தீவனத்தில் கலக்க ஃப்ளூபெண்டசோல் எழுதித் தருவார். இறைச்சிக்குப் போகும் பறவை என்பதால் மருந்து விலகும் காலம் முடியாமல் சுடக் கூடாது. கூனிக் குறுகி ஈரக் கழிச்சல் போடும் குஞ்சுகளில் ஒன்றை அன்றே மருத்துவரிடம் கொடுத்து அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தக்கழிச்சலா, வேறு குடல் ஒட்டுண்ணியா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டுக்கும் மருந்து வேறு.

முதல் வேட்டை நாளுக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்பே கடைசிக் குஞ்சும் பட்டியில் இறங்கியிருக்க வேண்டும். சுட்டதில் பறவை குறைந்துவிட்டதென்று பருவத்தின் நடுவில் புதுப்பறவை கொண்டுவந்து நிரப்புவதை நல்ல வேட்டை நெறி அனுமதிப்பதில்லை.