ஹெட்போன் பெட்டியில் இருக்கும் வாட் கணக்கு

ஏற்காட்டிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். சேலம் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் வாங்கிய ஹெட்போன் பெட்டியில் 1000 மில்லிவாட் என்று போட்டிருக்கிறதாம். "ஆம்ப்ளிஃபயரும் 1 வாட்தான், முழுசாத் திருகலாமா மாமா?"

வேண்டாம்டா சாமி! அந்த எண் அது தாங்கும் வரம்பு, கேட்கும் அளவு இல்லை. பக்கத்தில் இருக்கும் டெசிபல் எண்ணை, அதாவது சத்தத்தின் அளவைப் பாருங்கள். 1 மில்லிவாட்டுக்கு 100 டெசிபல் என்றால், அந்த ஒரே மில்லிவாட்டிலேயே காது அதிரும். பவர் 10 மடங்கானால் 10 டெசிபல் கூடும். 1000 மில்லிவாட்டில் கணக்குப்படி 130. ஹெட்போனுக்கு முன்னால் காது போய்விடும். வாரம் 40 மணி நேரம் கேட்க 80 டெசிபல்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை.

பிளக் செருகும் முன் வால்யூமை அடியோடு குறைத்து, பிறகு மெல்லக் கூட்டுங்கள். ஆம்ப்ளிஃபயரை ஆன் செய்யும்போது வரும் 'டப்' சத்தமும் ஆபத்துதான்.

ஸ்பீக்கர் முனையில் ஹெட்போன் ஒயரைச் சேர்க்கும் வித்தை மட்டும் வேண்டவே வேண்டாம். பல ஆம்ப்ளிஃபயர்களில், முக்கியமாக கார் செட்டில், ஸ்பீக்கர் மைனஸ் கிரவுண்ட் (பொதுவான பூஜ்ய வோல்ட் முனை) கிடையாது; இடதுக்கும் வலதுக்கும் தனித்தனி மைனஸ். சாதாரண ஹெட்போன் பிளக்கிலோ இரண்டு காதுக்கும் ஒரே மைனஸ். சேர்த்தால் அந்த இரண்டு மைனஸும் ஷார்ட் ஆகி, ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் ஐ.சி. சிப்பே புகைந்துவிடும். காலேஜ் நாளில் நான் ஒன்றைப் புகையவிட்டவன்.