ட்ரெய்னர் நண்பரான பிறகு நன்றியைச் செயலில் காட்டுவது எப்படி?

நாய்க்கு உட்காரவும் கூப்பிட்டால் வரவும் சொல்லிக்கொடுக்க வந்தவர், ஓரிரு வருடத்தில் வீட்டு விசேஷங்களுக்கு வந்து போகிற அளவுக்கு நெருங்கிவிடுவது பல வீடுகளில் நடக்கிறது. அவருக்கு என்ன செய்தால் தகும் என்று யோசிக்கும்போது முதலில் ஸ்வீட் பாக்ஸ்தான் நினைவுக்கு வரும். வாங்கிக் கொடுங்கள், தப்பில்லை. ஆனால், தான் கற்றுக்கொடுத்தது ஆறு மாதம் கழித்தும் அந்த நாயிடம் இருப்பதைப் பார்க்கும்போதுதான் ஒரு ட்ரெய்னருக்கு மனம் நிறையும். அதனால் நன்றியின் பெரும்பகுதி உங்கள் வீட்டு முற்றத்தில்தான் நடக்க வேண்டும்.

பாடத்தை அழியவிடாதீர்கள்

வகுப்பு முடிந்ததும் முதலில் கெடுவது ‘வா’. அப்பா ‘கம்’ என்பார், அம்மா ‘இங்க வாடா’ என்பார், பிள்ளைகள் பேரை மட்டும் பத்து முறை கத்துவார்கள். நாய்க்கு இவை வேறு வேறு சத்தங்கள். ட்ரெய்னர் பயன்படுத்திய சொல் எதுவோ அதை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுங்கள். வீட்டில் எல்லோரும் அதையே சொல்ல வேண்டும், அதுவும் ஒரே ஒரு முறை.

இன்னொரு காரணம், குளிப்பாட்டவும் செயின் போடவும் மட்டுமே நாயைக் கூப்பிடுவது. வந்தால் நஷ்டம் என்று அதற்குப் புரிந்துவிடும், ஒரு கை தூரத்தில் நின்று நழுவ ஆரம்பிக்கும். இதைச் சரிசெய்ய, நாள் முழுக்கப் பரவலாகப் பத்து முறை கூப்பிடுங்கள். அதில் எட்டு முறையாவது தீனி கொடுத்துவிட்டு, செய்துகொண்டிருந்த வேலைக்கே அதைத் திருப்பி அனுப்புங்கள். நாய் வந்ததும் இடது கையால் காலரை மெதுவாகப் பிடிக்க வேண்டும். பிடித்த பிறகு வலது கையால் தீனி, அதன்பின் காலரை விட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது. தீனியை முதலில் கொடுத்தால் அதைக் கவ்விக்கொண்டு ஓடப் பழகும். கூப்பிடுவதற்கு முன்பே கை பாக்கெட்டுக்குப் போனால், நாய் உங்கள் சொல்லைக் கேட்காமல் பாக்கெட்டைக் கவனிக்கப் பழகும்.

தீனிக்கு உப்பு, மசாலா சேர்க்காமல் வேகவைத்த கோழி நெஞ்சுக்கறி போதும். 50 கிராமைக் கொண்டைக்கடலை அளவில் நறுக்கினால் இரண்டு நாளுக்குத் தாராளமாக வரும், ஃபிரிட்ஜில் வையுங்கள். அன்றைய சாப்பாட்டில் அந்த அளவைக் குறைத்துவிடுங்கள். வெங்காயம், திராட்சை, உலர்திராட்சை, சாக்லேட் இவற்றின் பக்கமே போக வேண்டாம்.

ஒரு தடவைக்கு மூன்றிலிருந்து ஐந்து நிமிடப் பயிற்சி போதும். தூரம், நேரம், கவனச்சிதறல் மூன்றையும் ஒன்றாகக் கூட்டாதீர்கள். வீட்டுக்குள் ஒரு நிமிடம் ‘ஸ்டே’யில், அதாவது சொன்ன இடத்தில் அசையாமல், இருக்கும் நாயை, தெருவில் மாடு போகும்போது முதலில் ஐந்து விநாடிதான் உட்கார வைக்க வேண்டும். ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள் கற்றது எல்லாம் மறந்த மாதிரி ஒரு கட்டம் வரும். வளர்பருவத்தில் அது இயல்பு. அப்போது ஒரு படி பின்னால் போய்ச் சுலபமானதைச் செய்ய வையுங்கள், ட்ரெய்னரைக் குறை சொல்ல வேண்டாம்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. இவை பார்வையால் இரையைத் துரத்த வளர்க்கப்பட்ட நாய்கள். முயலோ பூனையோ ஓடினால் எவ்வளவு நல்ல பயிற்சியும் தோற்கக்கூடும். திறந்தவெளியில் 10 மீட்டர் கயிறு இல்லாமல் விடாதீர்கள். கயிற்றைக் காலரில் மாட்டாமல், மார்பைச் சுற்றி மாட்டும் பட்டையான ஹார்னஸில் மாட்டுங்கள். முழு வேகத்தில் ஓடிக் கயிற்றின் முனைக்கு வந்தால் கழுத்து அடிபடும்.

சந்தேகம் கேட்கும் முறை

நண்பர்தானே என்று இரவு பதினொரு மணிக்கு ‘அண்ணா, கடிக்க வர்றான்’ என்று ஒற்றை வரி அனுப்புவது அவருக்குச் சுமை. 30–40 விநாடி வீடியோ அனுப்புங்கள். போனைப் படுக்கைவாட்டில், உங்கள் இடுப்பு உயரத்தில் வைத்து எடுக்க வேண்டும். பிரச்சினை தொடங்குவதற்கு முன்பிருந்தே ஓட வேண்டும், ஏனென்றால் குரைப்பதற்கு முந்தைய சில விநாடிகளில்தான் காது, வால், உடல் விறைப்பு எல்லாம் தெரியும். நாயின் முழு உடலும், உங்கள் கையும் அதில் பிடித்திருக்கும் நாய் பெல்ட்டும் படத்தில் வரட்டும். பாதிப் பிழை அந்தக் கையில்தான் இருக்கும். கூடவே எங்கே, எத்தனை மணிக்கு, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, வாரத்தில் எத்தனை முறை என்று நாலு வரி எழுதுங்கள். வேண்டுமென்றே நாயைச் சீண்டி வீடியோ எடுக்கக் கூடாது.

நாயின் குணம் திடீரென்று மாறியிருந்தால் ட்ரெய்னருக்கு முன் டாக்டரிடம் போங்கள். காதில் சீழ், மூட்டு வலி, உண்ணிக் காய்ச்சல் இவற்றையெல்லாம் ‘சொன்ன பேச்சு கேட்கவில்லை’ என்று தவறாக நினைப்பவர்கள் நிறைய.

தீபாவளி இரவில் ட்ரெய்னர்களுக்குப் போன் ஓயாது. அந்த வரிசையில் நீங்களும் சேராமல் இருக்க ஆறு வாரத்துக்கு முன்பே தொடங்குங்கள். வெடிச்சத்தப் பதிவை நாய் காதைத் திருப்பும் அளவுக்கு மட்டும் மெல்ல வைத்து, சத்தம் வந்ததும் கோழித் துண்டு கொடுங்கள். நாய் சாப்பிட மறுத்தால் சத்தம் அதிகம், குறையுங்கள். ஏற்கெனவே நடுங்கி எச்சில் ஒழுக்கும் நாய் என்றால் மருந்து தேவையா என்று டாக்டரிடம் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அவர் உடம்பைக் காப்பது

நாயோடு வேலை செய்பவர்களுக்குக் கடி புதிதல்ல. உங்கள் நாயின் ரேபிஸ் தடுப்பூசியைத் தேதி தவறாமல் போட்டு, புத்தகத்தை அவரிடம் நீங்களாகவே காட்டுங்கள். நாய் யாரையாவது கவ்வியிருந்தால், பல் லேசாகத்தான் பட்டது என்றாலும் மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அவருக்குப் பல் பட்டால் உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் செய்து, ஆஸ்பத்திரிக்கு நீங்களே கூட்டிப்போங்கள். மஞ்சள், காபித்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்காதீர்கள். ஊசிச் செலவும், அவர் வேலைக்குப் போகாத நாட்களின் வருமானமும் உங்கள் பொறுப்பு.

பணம்

நட்பு இறுகுவதும் முறிவதும் பெரும்பாலும் இங்கேதான். நண்பரானதும் ‘உங்ககிட்ட என்ன வாங்கறது’ என்று அவர் சொல்வார். நீங்கள் விடக் கூடாது. அவருக்கு வருமானம் தரும் நேரம் காலையும் மாலையும்தான். நடுவில் தார் ரோடு நாயின் பாதத்தைச் சுட்டுவிடும். அந்தச் சில மணி நேரத்தில் ஒன்றை உங்களுக்குக் கொடுத்தால் இன்னொரு வீட்டின் கட்டணம் போகிறது. மற்றவர்கள் கொடுப்பதையே அன்றே கொடுங்கள். கையில் நீட்டத் தயங்கினால் அவர் வண்டியை எடுப்பதற்குள் ஜிபேயில் போட்டுவிடுங்கள். கிளாஸை ரத்து செய்வதானால் முந்தைய நாள் மாலைக்குள் சொல்ல வேண்டும், தாமதமானால் பாதிக் கட்டணமாவது தர வேண்டும். சாப்பிட வந்த இடத்தில் பக்கத்து வீட்டு நாயைக் கொண்டுவந்து ‘ஒரு நிமிஷம் பாருங்க’ என்று நிறுத்தாதீர்கள்.

நாலு பேரிடம் சொல்வது

‘சூப்பர் ட்ரெய்னர்’ என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. நாயின் இனம், வயது, இருந்த பிரச்சினை, எத்தனை வாரம் ஆனது, வீட்டில் நீங்கள் தினமும் எவ்வளவு நேரம் செய்தீர்கள், இன்னும் சரியாகாதது எது என்று எழுதுங்கள். கடைசி விஷயத்தை எழுதினால்தான் மற்றவையும் நம்பும்படி இருக்கும். அவரைக் கேட்காமல் நம்பரைக் கொடுக்காதீர்கள். உங்களுக்குச் செய்த சலுகையை வெளியே சொல்லாதீர்கள், அடுத்தவர் அதையே கேட்பார்.

நன்றி இருக்கிறது என்பதற்காக வாயை மூடிக்கொள்ளவும் வேண்டாம். கரண்ட் காலரோ கழுத்தை இறுக்கும் செயினோ உங்களுக்குப் பிடிக்கவில்லை என்றால் அடுத்த கிளாஸுக்கு முன், தனியாக, அவரிடமே சொல்லுங்கள். வேறொருவரிடம் ரகசியமாகப் போய் இரண்டு முறைகளையும் கலந்தால் நாய்தான் குழம்பும்.

பரிசு கொடுப்பதானால் வேலையில் தேயும் பொருளாகப் பாருங்கள்: 10 மீட்டர் கயிறு, இடுப்பில் மாட்டும் தீனிப் பை, வழுக்காத ஷூ, மழைக்கோட்டு. ஷூ அளவை மட்டும் அவர் வீட்டில் கேட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு தாளில், உங்கள் நாய் இப்போது செய்கிற, முன்பு செய்யாத ஒரு காரியத்தைத் தேதியோடு எழுதி வையுங்கள்.