பேரம் பேசும் முகவர் நிரலைக் கேரட் மூட்டையை வைத்துச் சோதிக்கும் முறை

மனிதருடன் பேரம் பேசி உடன்பாட்டுக்கு வரும் செயற்கை நுண்ணறிவு முகவர்களை ஆராய விரும்பும் மாணவர்கள் பெரும்பாலும் கணினியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நீலகிரியில் படிப்பவர்களுக்கு அந்த அவசியம் இல்லை. கேத்தி பாலாடாவில் கேரட் கழுவும் இடத்தில் ஒரு காலைப்பொழுது நின்று, விவசாயியும் வியாபாரியும் எதை முதலில் பேசுகிறார்கள், எதைப் பேசாமலே விடுகிறார்கள், எந்த இடத்தில் மௌனமாகிறார்கள் என்று குறித்துக்கொண்டு வந்தால், ஆய்வின் முதல் பகுதி முடிந்துவிடும். மூன்று நான்கு மாணவர்கள் ஒரு மடிக்கணினியைக் கொண்டு ஒரு பருவத்துக்குள் செய்துமுடிக்கக்கூடிய அளவில் அந்த ஆய்வை எப்படி அமைப்பது என்பதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், விலை ஒன்றை மட்டும் வைத்துப் பேரத்தை அமைக்காதீர்கள். விலை மட்டும் இருந்தால் ஒருவர் பெறுவது மற்றவர் இழப்பது என்றாகிவிடும். அந்த இழுபறியில் ஒத்துழைப்பு என்பதற்கே இடம் கிடையாது. மலையில் நடக்கும் உண்மையான பேரம் அப்படிப்பட்டதும் அன்று. கிலோவுக்கு என்ன விலை என்பதோடு, உடைந்ததற்கும் வெடித்ததற்கும் எவ்வளவு கழிவு பிடிப்பது, மேட்டுப்பாளையம் வரை லாரி வாடகை யாருடையது, பணம் கையோடு வருமா அடுத்த வாரம் வருமா என்பனவும் அதே பேச்சில் தீர்கின்றன. (பசுந்தேயிலைக்குக் குறைந்தபட்ச விலையைத் தேயிலை வாரியம் மாதந்தோறும் அறிவித்துவிடுகிறது. அதனால்தான் ஆய்வுக்குத் தேயிலையைவிடக் கேரட் பொருத்தமானது என்பது என் கருத்து.)

இந்த நான்கு பொருள்களுக்கும் ஒவ்வொரு தரப்பிலும் 100 புள்ளிகளைப் பங்கிட்டு, ஒருவருடைய அட்டையை மற்றவர் பார்க்காதபடி கொடுக்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பிள்ளையின் கல்லூரிக் கட்டணத்துக்கு இன்றே பணம் தேவைப்படும் விவசாயியின் அட்டையில் பணம் தரும் நாளுக்கு 40, விலைக்கு 30, கழிவுக்கு 20, வாடகைக்கு 10 என்று இருக்கட்டும். வியாபாரியின் இடத்தில் பேசும் முகவருக்கு விலை 50, கழிவு 20, வாடகை 20, பணம் தரும் நாள் 10. எல்லாவற்றையும் பாதிப் பாதியாகப் பிரித்தால் இருவருக்கும் 50 கிடைக்கும்; பார்வைக்கு நியாயமாகவும் தோன்றும். ஆனால் பணத்தை இன்றே கொடுத்து, வாடகையை விவசாயியே ஏற்று, விலையையும் கழிவையும் மட்டும் நடுவில் முடித்தால் விவசாயிக்கு 65, வியாபாரிக்கு 55 வருகிறது. இந்த மிச்சத்தைப் பேச்சின் வழியாகவே கண்டுபிடிக்கும் நிரலைத்தான் ஒத்துழைக்கும் முகவர் என்று சொல்ல முடியும். 2021இல் வெளியான கேசினோ என்னும் உரையாடல் தொகுப்பும் இதே அமைப்பைக் கொண்டது: முகாமில் அடுத்தடுத்துத் தங்கும் இருவர் உணவு, தண்ணீர், விறகு ஆகியவற்றைப் பங்கிட்டுக்கொள்ளும் 1,030 உரையாடல்கள் அதில் உள்ளன. அதைப் படித்துப் பார்த்துவிட்டு உங்கள் அட்டைகளைத் தயாரித்தால் வேலை எளிதாகும்.

பேரம் முறிந்தால் ஒவ்வொருவர் கையிலும் என்ன எஞ்சும் என்பதையும் அட்டையிலேயே எழுதிவிடுங்கள். விவசாயிக்கு, தானே லாரி பிடித்து மண்டிக்கு அனுப்பும் வழி இருக்கிறது. அதற்கு 35 புள்ளி என்று வைத்தால், 35க்குக் குறைந்த எதையும் அவர் ஏற்க வேண்டியதில்லை. இந்த எண்ணை எழுதாமல் விட்டால், கலந்துகொள்பவர்கள் மாணவர்களின் மனம் கோணக்கூடாது என்பதற்காகவே ஒப்புக்கொண்டுவிடுவார்கள். முகவர் வென்றதாக நீங்களும் எழுதிவிடுவீர்கள்.

அடுத்தது சோதனையின் வரிசை. முகவரை எழுதுவதற்கு முன், மனிதரும் மனிதரும் இதே அட்டைகளை வைத்துப் பேசும் சுற்றுகளை நடத்திப் பதிவு செய்யுங்கள். பின்னால் ஒப்பிடுவதற்கு வேறு அளவுகோல் இருக்காது. குரலும் தனிநபர் தரவுதான் என்பதால், ஒப்புதல் படிவத்தைக் கையில் கொடுத்துக் கையெழுத்து வாங்குவதோடு நில்லாமல் முழுவதையும் படித்துச் சொல்லுங்கள். வீட்டில் படுக மொழி பேசும் பெரியவர்களுக்கு அம்மொழியில் விளக்க ஒருவர் உடன் இருப்பது நல்லது. உண்மையான சரக்கை எந்தக் கட்டத்திலும் சோதனைக்குள் கொண்டுவரக் கூடாது.

முகவரை எழுதும்போது, முடிவெடுக்கும் பகுதியையும் பேசும் பகுதியையும் தனித்தனியாக வையுங்கள். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு அறிவுரையைத்தான் எடுத்துக்கொள்வீர்கள் என்றால் அது இதுவாக இருக்கட்டும். பெரிய மொழி மாதிரியிடம் (மனிதரைப்போல் உரையாடும் சாட்ஜிபிடி போன்றவற்றின் அடிப்படை நிரல்) கடைசி விலையைச் சொல்லி 'இதற்கு மேல் போகாதே' என்று கட்டளையிட்டால், எதிரில் இருப்பவர் நான்கு முறை கெஞ்சிக் கேட்டதும் அது அந்த விலையையே வெளியே சொல்லிவிடக்கூடும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் என்ன கொடுப்பது என்பதை ஒரு சிறு நிரல் கணக்கிட்டுத் தரட்டும். அதைத் தமிழில் சொல்வது மட்டும் மொழி மாதிரியின் பொறுப்பாக இருக்கட்டும். தன்னிடம் இல்லாத எண்ணை அது உளற வழியில்லை. மெட்டா நிறுவனம் 2022இல் வெளியிட்ட சிசெரோ என்னும் முகவரிலும் திட்டமிடும் பகுதி வேறு, அத்திட்டத்துக்கு இணங்கப் பேசும் பகுதி வேறு. டிப்ளமசி என்ற பலகை விளையாட்டை இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டங்கள் ஆடிய அது, எதிரில் ஆடியவர்களின் சராசரியைப்போல் இரு மடங்குக்கும் மேல் மதிப்பெண் பெற்றது. அதே நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2017இல் செய்த முயற்சியும் நினைவில் வைக்கத்தக்கது. புத்தகம், தொப்பி, பந்து ஆகியவற்றைப் பங்கிடும் 5,808 மனித உரையாடல்களிலிருந்து கற்ற அந்த முகவர்கள், தமக்குத் தேவையற்ற பொருளை விரும்புவதுபோல் நடித்துப் பின்னர் அதை விட்டுக்கொடுப்பதாகக் காட்டும் தந்திரத்தை யாரும் சொல்லித்தராமலே கற்றுக்கொண்டன. இரண்டு நிரல்களை ஒன்றோடொன்று மட்டும் பேசவிட்டுப் பயிற்றியபோது அவற்றின் ஆங்கிலமே மனிதர் மொழியிலிருந்து விலகிப்போனது.

முடிவெடுக்கும் நிரலுக்குப் பெரிய கணிதம் தேவையில்லை. தொடக்கத்தில் உயர்வாகக் கேட்டு, நேரம் செல்லச் செல்ல இறங்கும் விதி ஒன்று; எதிரில் இருப்பவர் இறங்கிய அளவுக்குத் தானும் இறங்கும் விதி மற்றொன்று. ஒத்துழைப்பதா கைவிடுவதா என்று இரண்டு நிரல்கள் மீண்டும் மீண்டும் முடிவெடுக்கும் கணினிப் போட்டி ஒன்றை ராபர்ட் ஆக்செல்ராடு 1980 வாக்கில் நடத்தினார். அதில், அனடோல் ராப்பபோர்ட் அனுப்பிய மிகச் சிறிய நிரலே வென்றது. முதலில் ஒத்துழைத்து, அதன்பின் எதிராளி செய்ததையே திருப்பிச் செய்வதுதான் அதன் முழு உத்தி. இரண்டு விதிகளையும் எழுதி ஒப்பிடுங்கள். கூடவே, எதிரில் இருப்பவர் எந்தப் பொருளில் விடாப்பிடியாக நிற்கிறார் என்பதைக் கவனித்து, அதற்கு அவருடைய அட்டையில் அதிகப் புள்ளி இருக்கும் என்று ஊகிக்கும் பகுதியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மொழியில்தான் நாங்கள் சறுக்கினோம். எங்கள் முதல் சோதனையில், ஐம்பது வயதைக் கடந்த விவசாயி ஒருவர் பொறுமையாக மூன்று சுற்றுப் பேசிவிட்டு, 'சரி, நீங்களே பாத்துப் போடுங்க' என்றார். விலையைத் தீர்மானிக்கும் உரிமை தனக்கு வந்துவிட்டதாக எடுத்துக்கொண்ட முகவர், தன் அட்டைக்கு மிகவும் சாதகமான விலையைப் போட்டு, 'ஒப்புக்கொண்டதற்கு நன்றி' என்றும் சொல்லிவிட்டது. அவர் கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு, 'இதுக்கு மனுசங்ககிட்டப் பேசத் தெரியல, தம்பி' என்று மாணவனிடம் சொல்லி எழுந்துவிட்டார். நம் ஊரில் அந்தச் சொற்கள் சம்மதம் அல்ல. 'உன் நியாயத்தை நம்பி விடுகிறேன், அதைக் கெடுத்துக்கொள்ளாதே' என்ற எதிர்பார்ப்பு அது. அவ்வாறே 'பாக்கலாம்' என்பது பெரும்பாலும் மறுப்பு. 'வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்' என்பது மறுப்பாகவும் இருக்கலாம், உண்மையாகவே கேட்கப்போவதாகவும் இருக்கலாம். மனிதர்–மனிதர் சுற்றுகளில் பதிவான இத்தகைய தொடர்களைத் தொகுத்து, ஒவ்வொன்றுக்குப் பிறகும் பேச்சு எப்படி முடிந்தது என்று குறித்து, முகவருக்கு எடுத்துக்காட்டுகளாகக் கொடுங்கள். 'நீங்களே பாத்துப் போடுங்க' என்று கேட்டால், அதுவரை ஊகித்ததை வைத்து இருவருக்கும் நல்லதாகும் ஏற்பாட்டை முன்வைத்து, அதை ஏன் முன்வைக்கிறது என்றும் ஒரு வரியில் சொல்லும்படி எங்கள் நிரலைப் பிறகு மாற்றினோம்.

எதிரில் பேசுவது இயந்திரம் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். அதற்கு ஒரு விலை உண்டு: இயந்திரம் என்று தெரிந்தவுடன் மனிதர்கள் அதனோடு ஒத்துழைப்பது குறைகிறது என்று 2019இல் நேச்சர் மெஷின் இன்டெலிஜென்ஸ் இதழில் வெளியான ஆய்வு காட்டியது. அந்தக் குறைவை மறைக்காமல் அளந்து எழுதுவதே உங்கள் ஆய்வுக்கு மதிப்பைத் தரும்.

அளவிடும்போது முகவர் பெற்ற புள்ளியை மட்டும் பார்க்காதீர்கள். இருவரின் கூட்டுத்தொகை, உடன்பாட்டில் முடிந்த சுற்றுகளின் பங்கு, கலந்துகொண்டவரின் மனநிறைவு ஆகிய மூன்றும் வேண்டும். ஒருவர் தொகையைப் பங்கிட, மற்றவர் மறுத்தால் இருவருக்கும் ஒன்றும் கிடைக்காது என்பது இறுதிச் சொல் விளையாட்டின் விதி. வெர்னர் கூத்தும் அவருடைய சகாக்களும் 1982இல் அதை நடத்தியபோது, அற்பமான பங்கு கொடுக்கப்பட்டவர்களில் சிலர் தமக்கு ஒன்றுமே கிடைக்காது என்று தெரிந்தும் அதை மறுத்தார்கள். மானம் புள்ளிக் கணக்கில் வராது. ஆனால் அடுத்த பேரத்தில் வந்து நிற்கும். ஆகையால் அதே விவசாயியை ஒரு வார இடைவெளியில் மூன்று முறையாவது அழையுங்கள். அறுவடை நாளையும் அடைமழை நாளையும் தவிர்த்துவிடுங்கள். மழையில் சிக்னல் போய்விட்டால் பாதியில் முறிந்த பேரம் யாருடைய தவறு என்று பிரித்தறிய முடியாது. மூன்றாவது சுற்று முடிந்ததும், 'உங்கள் சொந்தத் தோட்டத்து மூட்டைக்கு இதனிடம் பேசச் சம்மதிப்பீர்களா' என்று கேட்டு, ஆம், இல்லை என்பதோடு அவர் சொல்லும் காரணத்தையும் அவர் சொன்ன சொற்களிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.